கறுப்புச் சக்கரத்தில் பழுப்புத் தூள்

என் தம்பி வேலைக்காகக் கட்டாருக்குத் திரும்பிப் போன காலையில் காரின் சாவியை என் கையில் தந்தான். தந்தான் என்று சொல்வதும் முழுக்கச் சரியில்லை. நான் பிடித்த பிறகும் அவன் அதை விடவில்லை.

"ராத்தா, ஒரு கதை இரிக்கி. இந்த நாலு சக்கரமும் இப்ப எப்படிக் கறுப்பா மினுங்குதோ, நான் திரும்பி வரக்கொள்ளயும் அப்படியே இரிக்கணும். கறை, கீறல் எண்டு ஏதும் கண்டா சாவி மச்சான்ட கைக்குப் போயிரும். மறுகா என்னோட கோவிக்கப்படா."

"சக்கரம் எண்டா ரோட்டுல ஓடுற சாமானடா. அலுமாரிக்குள்ள வெக்கிறதா?"

"அது எனக்குத் தெரியா. ஓம் எண்டு சொல்லுங்க."

"ஓம்" என்றேன். வேறென்ன சொல்வது? எனக்குச் சாவி வேண்டியிருந்தது.

மச்சான் என்று அவன் சொன்னது என் மதினியின், அதாவது அவனுடைய மனைவியின், காக்காவை. அண்ணனை எங்கள் ஊரில் காக்கா என்போம். எங்கள் கல்முனைப் பக்கத்தில் கல்யாணம் முடித்த ஆண் பெண் வீட்டுக்குப் போய்விடுவான். அதன் பிறகு அவனும் அவன் வாங்கும் சாமான்களும் அந்த வீட்டைச் சேர்ந்தவைதான். அந்த முறைப்படி கார் சாய்ந்தமருதில் மதினியின் வீட்டில்தான் நிற்க வேண்டும். ஆனால் அவர்களுடைய ஒழுங்கைக்குள் ஓட்டோ நுழைவதே பெரும்பாடு. எங்கள் வளவில் இடமும் நிழலும் இருந்ததால் கார் எங்களிடம் வந்தது. மதினி வீட்டில் அது ஒருவருக்கும் பிடிக்கவில்லை. புருஷனின் கார் அவன் ராத்தா வீட்டு வளவில் நின்றால் ஊர் என்ன கதைக்கும்? மச்சான் தெருவோரமாக ஒரு கடைக்காரரின் வளவில் இடம் பார்த்தும் வைத்துவிட்டார் என்று கேள்வி. இந்தச் சக்கர நிபந்தனை அவர்களைச் சமாளிக்கத் தம்பி கண்டுபிடித்த வழி என்பது எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கி என்ன செய்ய, நிபந்தனை நிபந்தனைதான்.

நான் மாவடிப்பள்ளிப் பக்கம் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். கார் வருமுன் காரைதீவுச் சந்தி வரை ஒரு பஸ், பிறகு வெயிலில் நின்று இன்னொரு பஸ். பின்னேரம் திரும்பி வரும்போது அதே கூத்து தலைகீழாக நடக்கும். சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்து, அதைக் கல்யாணப் படங்களோடு அலுமாரியில் வைத்திருந்தேன். கார் கிடைத்த முதல் நாள், வயலுக்கு நடுவில் போகும் அந்த வீதியில் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டிக்கொண்டு போனபோது நான் தனியாக வாய்விட்டுச் சிரித்தேன். நினைத்த இடத்தில் நிற்பாட்டினேன். கொக்குகளைப் பார்த்தேன். யாரும் மணி அடித்து இறங்கச் சொல்லவில்லை. என் கணவருக்குக் கார் என்றால் ஏறி உட்கார்ந்ததும் நித்திரை வரும், அவருக்கு மோட்டார் சைக்கிள் போதும். ஆகவே அது என்னுடைய கார் மாதிரித்தான். இந்தச் சந்தோஷத்தை ஒரு சக்கரத்துக் கறைக்காக விட்டுக்கொடுப்பேனா? நடக்காது.

சக்கரம் என்று தம்பி சொன்னாலும் அவன் குறித்தது ரப்பருக்கு உள்ளே இருக்கிற உலோகத்தை. ஊரில் அதை ரிம் என்பார்கள். கார் வெள்ளை. ரிம்கள் முன்பு வெள்ளி நிறத்தில் இருந்தன. அந்த லீவில், போவதற்குக் கொஞ்சம் முன்னால், நாலையும் கழற்றிக் கொண்டுபோய்க் கறுப்புப் பெயின்ட் அடித்து வந்தான். இப்போது அதுதான் எடுப்பு என்றான். உண்மையில் அழகாகத்தான் இருந்தது. கண்ணுக்குச் சுர்மா இட்டது போல் கார் முழிப்பாக நின்றது.

கறுப்பு அழுக்கைத் தாங்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கறுப்புப் பாவாடை, கறுப்புச் செருப்பு, கறுப்புக் குடை எல்லாம் அப்படித்தானே. ஒரு வாரம் போகுமுன் நாலு ரிம்மும் நரைத்துப் போயின. விரலால் தொட்டால் வெள்ளையாக ஏதோ ஒட்டுகிறது. இது என்ன? வீதிப் புழுதியா, சுண்ணாம்பா? எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு, ஏன் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

"சீ! என்ன புள்ள, சக்கரத்தையா நக்குறாய்?" உம்மா குசினி வாசலில் நின்று கத்தினார்.

"உப்பு உம்மா. சுத்தமான உப்பு."

"நீ படிச்சது போதும். வந்து வாயக் கழுவு."

கடலுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் சில வளவுகளும் ஒரு வீதியும்தான். காற்று நனைந்தே வரும். அந்த உப்பு சன்னல் கம்பியிலும் கேற்றிலும் படிவது எனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். ஆனால் கறுப்பில் படிந்தபோதுதான் அது எவ்வளவு என்று கண்ணால் கண்டேன். சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், எனக்கு அது சந்தோஷமாக இருந்தது. நாலு கரும்பலகைகளைக் கடற்காற்றுக்குக் கொடுத்து எழுதச் சொன்ன மாதிரி ஒரு நினைப்பு.

அந்தச் சந்தோஷத்தை உம்மா கெடுத்தார். கடற்கரை ஊர் வீடுகளில் இரும்பு என்று கண்ட எதற்கும் தேங்காயெண்ணெய் பூசுவது வழக்கம். கதவுக் கீலுக்கு எண்ணெய், தையல் மிசினுக்கு எண்ணெய், தேங்காய் திருவும் திருவலைக்கு எண்ணெய். வாப்பா இருந்த காலத்தில் சைக்கிளின் ரிம் இரண்டுக்கும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் போகுமுன் எண்ணெய் தடவித்தான் ஏறுவார். அந்தச் சைக்கிள் அவரைவிடக் கூடக் காலம் நின்றது. அதனால் உம்மாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. நான் அசர் தொழுதுகொண்டிருந்த நேரம் பார்த்து, ஒரு சிரட்டையில் எண்ணெயும் ஒரு சீலைத் துண்டும் எடுத்துப் போய் நாலு ரிம்மையும் குளிப்பாட்டிவிட்டார்.

"இப்ப பாரு! உன்ட விஞ்ஞானத்தால இப்படி மினுக்க ஏலுமா?"

மாஷா அல்லாஹ், என்ன மினுக்கம்! முகம் பார்க்கலாம் போலிருந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை தம்பி வீடியோவில் வந்தபோது பெருமையோடு காட்டினேன். வெள்ளி அவனுக்கு லீவு. வாராவாரம் அன்றைக்குத்தான் பரிசோதனை. உம்மா சுகமா என்று கேட்பதற்கு முன்னம் சக்கரத்தைக் காட்டச் சொல்லுவான். அன்றைக்கு அவன் சிரித்த சிரிப்பில் சாவி இன்னும் இரண்டு வருடத்துக்கு எனக்குத்தான் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை பாடசாலைக்குப் போனேன். வேளாண்மை வெட்டுக் காலம். வயல் முழுக்க வெட்டு மிசின் ஓடுகிறது. வீதியில் ஒரு பக்கம் நெல் காயப் போட்டிருக்கிறார்கள். காற்றில் பதரும் வைக்கோல் தூளும் பறக்கின்றன. பாடசாலை வாசலில் இறங்கித் திரும்பிப் பார்த்தேன், யா அல்லாஹ்! நாலு ரிம்மும் தேங்காய்ப் பூவில் புரட்டிய களியுருண்டை போல் நிற்கின்றன. எண்ணெயில் பதர், பதருக்கு மேல் புழுதி, புழுதிக்கு மேல் எங்கள் கடற்கரை மணல். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சுற்றி நின்று, "டீச்சர்ட காருக்கு மயிர் முளைச்சிரிக்கி" என்று சிரிக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கோபத்தில் ஒரு சீலையை எடுத்து வலது பக்கத்துப் பின் ரிம்மை அழுத்தித் துடைத்தேன். துடைக்கத் துடைக்க ஒரு சத்தம் கேட்டது, சட்டி தேய்க்கிற சத்தம். கையை நிறுத்திவிட்டு வெயிலில் சாய்ந்து பார்த்தேன். கறுப்புக்கு மேல் சிலந்தி வலை மாதிரிக் கோடுகள். மணலை எண்ணெயில் குழைத்துப் பெயின்டுக்கு மேல் நானே அரைத்திருக்கிறேன். சைக்கிளின் ரிம் மினுங்கும் வெள்ளி, அதில் கோடு தெரியாது. கறுப்பு எதையும் மறைக்காது என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

உம்மாவுக்கும் எனக்கும் அன்று பெரிய சண்டை. அவர் எண்ணெயில் பிழையில்லை என்றார், நான் கையில் பிழையில்லை என்றேன். இருவரும் ஒருவரோடொருவர் கதைக்காமல் இரவுச் சாப்பாட்டை முடித்தோம். வெள்ளிக்கிழமை வீடியோவில் நான் தம்பிக்குக் கழுவி வைத்த இடது பக்கத்தை மட்டும் காட்டினேன். உம்மா தானாகவே வந்து போனைப் பிடித்து உதவினார். அதோடு சமாதானம்.

இனி யாருடைய கதையையும் கேட்பதில்லை, பார்த்துத்தான் செய்வது என்று முடிவெடுத்தேன். பிள்ளைகளுக்கு ஆய்வுகூடத்தில் என்ன சொல்கிறேனோ அதை நானே செய்தேன். ஒரு ரிம்மைக் கிணற்றுத் தண்ணீரில் கழுவினேன், பக்கத்து ரிம்மைப் பைப்புத் தண்ணீரில். எங்கள் கிணறு கொஞ்சம் சவர், உப்புக் கரிக்கும். காய்ந்ததும் கிணற்றுத் தண்ணீர் பட்ட ரிம்மில் வட்ட வட்டமாக வெள்ளைப் பொட்டு. பைப்புத் தண்ணீரில் பொட்டுக் குறைவு, ஆனாலும் இருந்தது. அப்படியானால் தண்ணீரைத் தானாகக் காயவிடக்கூடாது. துணி வேண்டும். மெத்தென்ற துணி. வீட்டில் இருக்கிற துணிகளையெல்லாம் கன்னத்தில் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன். கடைசியில் வென்றது என் கணவரின் பழைய சாரன். கழுவிக் கழுவி அது பூனைக்குட்டியின் வயிறு மாதிரி ஆகியிருந்தது. அவர் நித்திரையிலிருந்து எழும்பித் தேடியபோது அது நாலு துண்டாகக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

பாடசாலையிலிருந்து வந்த சூட்டோடு கழுவினால் தண்ணீர் உடனே ஆவியாகி உப்பை விட்டுவிட்டுப் போகிறது. ஆகவே ஆறவிட்டு, அசருக்குப் பிறகு நிழலில். முதலில் கை வைக்கவே கூடாது, தண்ணீர் மட்டும் அடித்து மணலை இறக்க வேண்டும். பிறகுதான் நுரை. நட்டு இருக்கிற குழிகளுக்குச் சின்னப் பிள்ளைகளின் மென்மையான பல் பிரஷ். காரின் உடம்புக்கு ஒரு வாளி, சக்கரத்துக்கு வேறு வாளி. இதையெல்லாம் ஒரு நாளில் கண்டுபிடிக்கவில்லை, ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒவ்வொரு பிழையாகத்தான் தெரிய வந்தது.

கல்முனையில் கார் சாமான் விற்கிற கடை ஒன்றில் ரிம் கிளீனர் என்று ஒரு போத்தலைத் தந்தார்கள். அடித்தால் போதும், தேய்க்கவே தேவையில்லையாம். தேய்க்காமல் அழுக்கைத் தின்னும் சாமான் பெயின்டை மட்டும் எப்படி விட்டுவைக்கும் என்று எனக்கு ஒரு சந்தேகம். வெளியில் தெரியாத உட்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் மங்கிச் சாம்பலாகிவிட்டது. நல்ல காலம்! போத்தலை மூடி வைத்துவிட்டு, அதே கடையில் கார் மெழுகு வாங்கி வந்தேன். நன்றாகக் கழுவித் துடைத்த ரிம்மில் மெல்லிசாகப் பூசி, காய்ந்ததும் சாரன் துண்டால் மினுக்கினேன். எண்ணெய் போலக் கையில் ஒட்டவில்லை. அடுத்த வாரம் தண்ணீர் ஊற்றியபோது உப்பும் புழுதியும் தானாக வழுகிப் போயின. தண்ணீர் மணி மணியாக உருண்டது. நான் துள்ளிக் குதித்தேன் என்று உம்மா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். பின் ரிம்மின் கோடுகளும் மெழுகில் பாதி மறைந்தன. மீதியைக் கிட்ட வந்து பார்த்தால்தான் தெரியும். தம்பி கிட்ட வந்து பார்க்கிற ஆள் என்பதுதான் என் பயம்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று இருந்தபோதுதான் அந்த முன் இடது சக்கரம் என் உயிரை வாங்கத் தொடங்கியது.

மூன்று ரிம்மும் வாரம் முழுக்கக் கறுப்பாக நிற்கும். முன் இடது மட்டும் இரண்டு நாளில் பழுப்பேறிவிடும். அதே தண்ணீர், அதே மெழுகு, அதே சாரன். பழைய சந்தேகத்தில் உம்மாவைப் பார்த்தேன்.

"அல்லாஹ் அறிய நான் தொடவே இல்ல. என்னத்துக்கு என்னை முறைக்கிறாய்?"

பக்கத்து வளவு ஆட்டைச் சந்தேகித்தேன். பூனையைச் சந்தேகித்தேன். ஒரு நாள் மச்சானைக்கூடச் சந்தேகித்தேன், அவர் வந்து ஏதும் பூசிவிட்டுப் போகிறாரோ என்று. இதைச் சொல்ல எனக்கே வெட்கம்தான், ஆனால் சாவி பறிபோகிற பயத்தில் மனுஷிக்கு எல்லாம் தோன்றும். தம்பி ஹஜ்ஜுப் பெருநாளுக்கு லீவில் வருவதாகச் சொல்லிவிட்டான். அவன் வந்து நிற்கிற நாளில் இந்தச் சக்கரம் பழுப்பாக நின்றால் என் கதை முடிந்தது.

அந்தத் தூளை ஒரு வெள்ளைக் கடதாசியில் தட்டி எடுத்தேன். இந்தத் தரம் நக்கவில்லை. உப்பு வெள்ளை, இது பழுப்பு, விரலில் மை மாதிரிப் பிடிக்கிறது. பாடசாலை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய்க் கடதாசிக்கு அடியில் காந்தத்தைப் பிடித்தேன். தூள் எழும்பி மயிர் சிலிர்த்தது போல் நின்றது. இரும்பு! முதலில் ஏமாந்துதான் போனேன். எங்கள் கரையில் கடல் மண்ணிலேயே கறுப்பாக ஒரு மணி கலந்திருக்கும், அதுவும் காந்தத்துக்குத் துள்ளும். பிள்ளைகளுக்கு அதைக் காட்டித்தான் காந்தம் படிப்பிக்கிறோம். அதுவாக இருக்குமோ என்று கொஞ்சம் கடல் மண்ணையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடல் மண் பரல் பரலாக மினுங்குகிறது. இது மாவு. அதோடு, கடல் மண் என்றால் நாலு சக்கரத்துக்கும் சமமாகத்தானே வர வேண்டும்? கடலுக்கு இடது வலது தெரியுமா?

அப்படியானால் இரும்பு வெளியிலிருந்து வரவில்லை. உள்ளேயிருந்து வருகிறது. அன்றைக்குப் பின்னேரம் வீட்டுக்கு வந்து நிற்பாட்டியதும் நாலு ரிம்மிலும் புறங்கையை வைத்துப் பார்த்தேன். மூன்றும் இளஞ்சூடு. முன் இடது ரொட்டிக் கல் மாதிரிக் கொதித்தது. கையை இழுத்துக்கொண்டேன். இவ்வளவு நாளும் ஆறவிட்டுத்தான் தொட்டேன், அதனால்தான் இது எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.

சனிக்கிழமை உம்மாவையும் ஏற்றிக்கொண்டு காரைதீவுச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் இருக்கிற கராஜுக்குப் போனேன். உம்மா இறங்கமாட்டேன் என்று காருக்குள்ளேயே இருந்தார். கராஜ்காரர் ரிம்மைப் பார்த்துச் சிரித்தார்.

"டீச்சர், முன் சக்கரம் எண்டால் தூள் வரத்தான் செய்யும். பிரேக் அங்கதானே கூடப் பிடிக்குது. எவ்வளவு வடிவா மினுக்கி வெச்சிருக்கிறீங்க, இதுக்கு மேல என்ன?"

"அப்ப முன் வலது ஏன் சுத்தமா இரிக்கி?"

அவர் போய் வலது பக்கத்தையும் பார்த்தார். தலையைச் சொறிந்தார். பிறகுதான் ஜக்கை எடுத்தார். காரைத் தூக்கி முன் இடது சக்கரத்தைக் கையால் சுற்றினார், அது முக்கி முனகி நின்றது. கழற்றிப் பார்த்தால், பிரேக்கைப் பிடித்து விடுகிற பாகத்தின் ஊசி துருவேறி இறுகிக் கிடக்கிறது. நான் காலை எடுத்தாலும் அந்த ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் உரசிக்கொண்டே வந்திருக்கிறது. தேய்ந்த இரும்புதான் பழுப்பாகி ரிம்மில் ஏறியிருக்கிறது. பிரேக் பேட்டை எடுத்து என் கையில் வைத்தார். உரசுகிற பகுதி முடிந்து தகடு தொடங்கும் இடத்துக்கு வந்துவிட்டது.

"இன்னும் கொஞ்சம் போயிருந்தா தகடுதான் பிடிச்சிருக்கும். வழுக்கல் ரோட்டுல கெதியா வந்து மிதிச்சிருந்தா கார் ஒரு பக்கத்துக்கு இழுத்து வயலுக்குள்ள இறக்கியிருக்கும். இல்லாட்டி..." என்று சொல்லிவிட்டு உம்மாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அந்தப் பேட்டை நான் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். சொன்னால் பைத்தியம் என்பார்கள், நெஞ்சுக்குள் ஒரு குதூகலம். காற்று எழுதியதை வாசித்தேன், இப்போது கார் எழுதியதையும் வாசித்துவிட்டேன். புதிய பேட் போட்டு, ஊசியைத் துடைத்துக் கிரீஸ் வைத்துத் தந்தார். அதன் பிறகு முன் இடது சக்கரம் மற்ற மூன்றையும் போலக் கறுப்பாகவே நின்றது.

தம்பிக்குச் சொல்லவில்லை. பிரேக் பழுது என்று காதில் விழுந்தால், பொம்பளை ஓட்டினால் இப்படித்தான் என்று மச்சான் அன்றைக்கே வந்து சாவியை வாங்கிக்கொண்டு போவார். உம்மாவும் அதையே சொன்னார். "வாய மூடிக்கிட்டு இரி புள்ள. ஓடுதுதானே."

பெருநாளுக்கு முந்தின வாரம் தம்பி வந்து இறங்கினான். மறுநாள் காலையில் மதினியோடும் இடுப்பில் இருக்கிற சின்ன மகளோடும் எங்கள் வீட்டுக்கு ஓட்டோவில் வந்தான். உம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதான். அழுத கண்ணோடு போய்க் காருக்குப் பக்கத்தில் குந்தினான். நான் முந்தின நாள் பின்னேரம் முழுக்க மினுக்கி வைத்திருந்தேன். பின் இடது பக்கம், முகம் மலர்ந்தது. பின் வலதுக்கு வந்தான். சாய்ந்து பார்த்தான். விரலால் தடவினான்.

"இது என்ன கோடு ராத்தா?"

"அது... மணல் பட்டது."

"மணலா? இது துடைச்ச கோடு."

உம்மா ஒரு அடி முன்னால் வந்தார். "மனே, அது நான் எண்ணெய்..."

"உம்மா நீங்க சும்மா இரிங்க." தம்பி எழும்பினான். "கதைச்ச கதை கதைதான் ராத்தா. சாவியத் தாங்க."

மதினியின் முகத்தில் ஒரு சின்னத் திருப்தியை நான் கண்டேன். இத்தனை சனிக்கிழமை, இத்தனை வாளி தண்ணீர்! ஒரு கோட்டுக்காகவா? சாவியை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். வைத்தேன் என்பதைவிட எறிந்தேன் என்பது பொருத்தம். திரும்பி வீட்டுக்குள் போகப் பார்த்தேன், அழுவதை அவர்களுக்கு ஏன் காட்ட வேண்டும்?

"ராத்தா, நில்லுங்க."

அவன் முன் இடது சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுவிட்டிருந்தான். குனிந்து விரலால் ரிம்மின் உள்மடிப்பு வரை வழித்தான். விரலைப் பார்த்தான். மறுபடி வழித்தான்.

"இந்தச் சக்கரத்துக்கு மட்டும் என்ன செஞ்சீங்க?"

"ஏன், அதிலயும் கோடு இரிக்கா?"

"இல்ல. வெள்ளியா இரிக்கக்கொள்ள இது ஒண்டு மட்டும்தான் எந்த நாளும் பழுப்பேறும். கழுவிக் கழுவிக் கை நொந்து போச்சு. என்ன போட்டும் ஏலல்ல. பாக்க ஒரு மாதிரி அசிங்கமா இரிக்குமெண்டுதான் நாலுக்கும் கறுப்படிச்சன்."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. அவன் என்ன சொல்கிறான் என்பது எனக்கு விளங்கியது, அவனுக்கு விளங்கவில்லை. உள்ளே போய் மேசை லாச்சியிலிருந்து அந்தத் தேய்ந்த பேட்டை எடுத்து வந்து அவன் கையில், சாவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அழுக்கு இல்லடா அது. பிரேக் இறுகிக் கிடந்திரிக்கி. தேயத் தேய இரும்புத் தூள் கொட்டியிரிக்கி. நீ அதுக்கு மேல பெயின்ட் அடிச்சிரிக்காய்."

தம்பி பேட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். நகத்தால் சுரண்டினான்.

"எப்ப இருந்து?" என்று கேட்டது மதினி.

அவன் பேட்டை மறுபடி திருப்பினான்.

"உங்களத்தான் கேக்குறன். நாம கண்டிக்குப் போன நேரமும் இது பழுப்பாத்தானே இரிந்திச்சு? அந்த வளைவெல்லாம் இறங்கி வரக்கொள்ள ஒரு கருகின மணம் அடிக்குதெண்டு நான் சொன்னேனே. லொறி ஒண்டுட மணம் எண்டு சொன்னீங்களே?"

"எனக்கு எப்படித் தெரியும்..." என்று தொடங்கினான். குழந்தை அவனைப் பார்த்துக் கையை நீட்டியது. அவன் அதை வாங்கவில்லை, வாங்குகிற நிலையில் அவன் இல்லை.

மதினி குழந்தையை மற்ற இடுப்புக்கு மாற்றினாள். அவன் உள்ளங்கையில் இருந்த சாவியை எடுத்தாள். பேட்டை அவனிடமே விட்டுவிட்டாள். என்னிடம் வந்து என் விரல்களைப் பிரித்துச் சாவியை உள்ளே வைத்து மூடினாள்.

"காக்காவும் ஓட்டத்தான் தெரிஞ்ச ஆள், பாக்கத் தெரியா. நீங்களே வெச்சிருங்க மதினி" என்றாள். "ஊரு கதைக்கிறதக் கதைக்கட்டும்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். தம்பி மறுபடியும் அந்தச் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திவிட்டான், உம்மா கூப்பிட்ட தேத்தண்ணிக்கும் எழும்பி வரவில்லை.